தூணடிக் காசு

லூமிங் வீட்டை அப்படியே பெயர்த்து மேட்டுக்குத் தூக்கிப்போக நாற்பத்துமூன்று ஆண்கள் வந்திருந்தார்கள். நான் எண்ணினேன். மூங்கில் சுவரும் நிப்பாப் பனை ஓலைக் கூரையும் ஆறு தூணும் உள்ள அந்தச் சின்ன வீட்டுக்கு இருபது பேர் தாராளம். போன வருடம் பள்ளிக்கூட வாத்தியார் தன் கொட்டகையைத் தூக்கக் கூப்பிட்டபோது பதினோரு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவனுக்குக் காலையிலேயே போதை. பாதி வழியில் கொட்டகையை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் மறுநாள்தான் திரும்பினார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு லூமிங் மேல் இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது? பாசமெல்லாம் இல்லை. தூணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள்.

நானும் அதற்குத்தான் போனேன். மறைப்பானேன்.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறபோது தூண் நடும் குழி ஒவ்வொன்றிலும் ஒரு காசும் ஒரு மாதா பதக்கமும் போட்டுத்தான் தூணை இறக்குவார்கள். காசு போட்டால் வீட்டில் காசு தங்கும், பதக்கம் போட்டால் பேய் பிசாசு தங்காது. போட்டது போட்டதுதான், தூண் கிளம்பினால்தான் வெளியே வரும். லூமிங்கின் புருஷன் காரியோ வீடு கட்டிய அதே வாரத்தில், மே மாதப் பவனிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் கோயில் மாதா சுரூபத்தின் தலையிலிருந்த தங்கக் கிரீடம் காணாமல் போனது. போய் முப்பத்தோரு வருடம். போலீஸ் வந்தது, சாமியார் பிரசங்க மேடையில் நின்று அழுதார், அந்த வருடம் மாதா தலையில் பூச்சரத்தோடு பவனி போனாள். கிரீடம் கிடைக்கவே இல்லை.

கோயில் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்து மாட்டியவன் காரியோ. அதே வாரம் குழி தோண்டியவன் காரியோ. முதல் தூணுக்கு, அதாவது ஏணிப்படிக்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்த தூணுக்கு, மற்ற ஐந்தைவிட ஆழமாகத் தோண்டியவனும் காரியோ. நான் ஊரில் சொன்னது அவ்வளவுதான்: குழி ஆழமாக இருந்தது. மீதியை ஊர் தானாகக் கூட்டிக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் சொன்னால் ஊருக்குப் போய்ச் சேரும் என்பது உண்மைதான். ஏனென்றால் உடம்பில் புகுந்த காற்றை எடுப்பவள் இங்கே நான் ஒருத்திதான். முதுகு பிடித்துக்கொண்டவர்கள் என் வீட்டுப் பாயில் வந்து குப்புறப் படுப்பார்கள். ஒரு காசைத் துணியில் முடிந்து, முடிச்சின் வாலைத் திரியாக முறுக்கி, சாராயத்தில் நனைத்து முதுகில் நிறுத்திக் கொளுத்துவேன். அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் நெருப்பு அணையும், தம்ளர் சதையைக் கவ்விக்கொண்டு காற்றை உறிஞ்சும். குப்புறப் படுத்தவன் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் மனுஷன் எதையும் பேசுவான். நான் கேட்காமலே எத்தனையோ குடும்பங்களின் கதை என் காதில் விழுந்திருக்கிறது.

மற்ற ஊர்க்காரிகள் சில்லறைக் காசை வைத்து ஒப்பேற்றுவார்கள். என்னுடையது பழைய வெள்ளி பெசோ, கனமானது. காலமான என் புருஷன் போன்சோ ஆற்றில் வலை போட்டபோது சிக்கியதென்று கொண்டுவந்து கொடுத்தார். விளிம்பில் மூன்று அரத்தடம் இருக்கும். துணியில் முடியும்போது கட்டைவிரலுக்கு நல்ல பிடிமானம். இந்த ஊரில் அந்தக் காசு ஏறாத முதுகு இல்லை. சாகிறதுக்கு முந்தின மழைக்காலத்தில் இருமி இருமிக் கூன் விழுந்த காரியோவின் முதுகில்கூட ஏறியிருக்கிறது.

வீட்டைத் தூக்குவதற்குப் பத்து நாள் முன்பு லூமிங் அதே பாயில் கிடந்தாள். அவள் மகள் லிகாயாவுக்கு நான் ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆண்கள் என்றால் 'பாரே'. ஞானத்தாய் ஆனதும் அந்த வீட்டைப் பற்றிப் பேசும் உரிமை கொஞ்சம் கூடிவிடுகிறது இல்லையா.

"மெதுவா மாரே, தோலு என்னோடது."

"உன் முதுகுல காத்தா இருக்கு? கல்லு இருக்கு. எத மனசுல வச்சுக்கிட்டு இப்படி இறுகிக் கிடக்க?"

"ஆறு நேத்து ரெண்டு முழம் தின்னுட்டுது. கோழிக்கூடு போச்சு."

"கோழி?"

"கோழிக்கு புத்தி இருக்கு, முந்தா நாளே மரத்துல ஏறிக்கிச்சு."

"கோழிக்கு இருக்குறது உனக்கு இல்ல. தினம் காலையில எந்திரிச்சு ஏணியிலேர்ந்து கரை வரைக்கும் அடி வச்சு அளக்குறியே, அளந்தா ஆறு நின்னுருமா? இப்ப எத்தனை அடி?"

"பதினாலு."

"போன மாசம்?"

"இருபத்தேழு."

இரண்டாவது தம்ளரைக் கவிழ்த்தேன். அவள் முனகினாள்.

"லிகாயா என்ன சொல்றா?"

"தைவான்லேர்ந்து தினம் போன். 'வேலையை விட்டுட்டு வந்து உன்னக் கோணிச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிருவேன்'ங்கிறா. வேலையை விட்டா என்னத்தத் திங்கிறது, அவ வாயையா?"

"ஊர்த்தலைவர் கபித்தான், கோயிலுக்குப் பின்னால மேட்டுல இடம் தரேன்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. வேற யாராவதுன்னா கையோட போயிருப்பா. நீ ஏன் மாரே இப்படி ஒட்டிக்கிட்டுக் கிடக்க? ஊர் என்ன நினைக்கும்?"

"ஊர் என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

அந்த இடத்தில் பேசாமல் இருந்தால் எதிராளி பேசுவாள். முப்பது வருடத் தொழில்.

"மாரே," என்றாள் பாயைப் பார்த்தபடி. "அன்னைக்கு நீ பாத்தியா? உன் கண்ணால?"

"எத?"

"குழியை."

"ஆழமா இருந்துச்சு."

"அதைக் கேக்கல. அவரு எதையாவது உள்ள வச்சதப் பாத்தியா?"

"நான் என்ன குழிக்குள்ளயா உக்காந்திருந்தேன்? மத்தியானம் எங்க வீட்டுக்காரருக்குச் சோறு குடுக்க வந்தேன், போனேன்."

தம்ளருக்குள் அவள் சதை கத்திரிக்காய் நிறத்தில் எழும்பி வந்தது. அவ்வளவு கருத்தால் உள்ளே நாள்பட்ட காற்று என்று அர்த்தம்.

"பதக்கத்தை ஆறு குழியிலயும் நான்தான் போட்டேன்," என்றாள். "முதல் குழியில போட்டுட்டு உலை கொதிக்குதுன்னு அடுப்புக்கு ஓடிட்டேன். வந்து பாத்தா தூணு எறங்கி மண்ணும் போட்டாச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இருபத்தஞ்சு வருஷம் அந்த மனுஷன்கூடப் படுத்தேன் மாரே. ஒரு தடவ கேட்டதில்ல. இல்லேன்னு சொல்லிருந்தா நம்பியிருப்பேன். ஆமான்னு சொல்லிருவாரோன்னு பயம்."

ஆக, ஊர் நினைத்தது போல அவள் புதையலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. புருஷன் திருடனா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. தூண் கிளம்பினால் தெரிந்துவிடும் என்றுதான் ஆற்றின் வாயில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"போயிரு மாரே," என்றேன். "தெரிஞ்சா தெரியட்டும். செத்தவனை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க."

"உன்னது சிமெண்டு வீடு. சொல்றது சுலபம்."

அதைச் சொல்லும்போது எல்லோருக்கும் ஒரு பொறாமை வரும், எனக்குப் பழகிவிட்டது. தெருவிலேயே முதல் சிமெண்டு வீடு எங்களுடையது. பூச்சரப் பவனிக்கு மறுவருடம் போன்சோவின் சிவப்புச் சேவல் சண்டையில் ஒரே பருவத்தில் ஏழு கட்டு ஜெயித்தது. அந்தப் பணத்தில் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய வீடு. லூமிங் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாழைத்தோட்டம்தான். அவளுடையது ஆற்றோரம், என்னுடையது உள்பக்கம்.

ஆறு அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு விடியற்காலை, அடுப்பு மூலைக்குக் கீழேயிருந்த கரை சரிந்து, அரிசிப் பானை உருண்டு தண்ணீரில் போனது. லூமிங் பானையைத் துரத்திக் கரை ஓரம் வரை ஓடி, நின்று, பிறகு நேராகக் கபித்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னாளாம்: "வர்ற சனிக்கிழமை தூக்குங்க. அடுத்த புயல் வர்றதுக்குள்ள."

செய்தி மதியத்துக்குள் மூன்று ஊருக்குப் பரவிவிட்டது. ஒரு ஊருக்கு நான்தான் சொன்னேன். மற்ற இரண்டுக்கு நான் பொறுப்பில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் நாங்கள் பெண்கள் எட்டுப் பேர் வாழைத்தோட்டத்தில் அடுப்பு மூட்டினோம். பெரிய வாணலியில் இஞ்சி தட்டிப் போட்ட கோழிக்கஞ்சி, இன்னொன்றில் தேங்காய்ப்பாலில் மாவுருண்டையும் சேனையும் பலாச்சுளையும். மழை விட்டு வெளுத்த வானம். மண் மட்டும் சொதசொதவென்று. ஆண்கள் வந்து கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே வீட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். கைச்சாராயப் பாட்டில் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது.

உஸ்திங் கிழவர்தான் தலைமை. அவர் காரியோவோடு சேர்ந்து அந்த வீட்டைக் கட்டியவர். எழுபத்தைந்து வயதிலும் தச்சு உளியைக் காதில் செருகிய பென்சிலைப் போல அலட்சியமாக வைத்திருப்பார். தரைக்கட்டைக்குக் கீழே முழு மூங்கில்களை நீளவாக்கில் நாலும் குறுக்கே ஆறுமாகச் செலுத்திப் பிரம்பால் கட்டவைத்தார்.

அந்த நேரம் பார்த்து நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பாரம்பரிய மாதமாம். கேமராக்காரன் ஒருவனும் இரண்டு மூட்டையும் கூட வந்தன. மூட்டையில் ஓலைத் தொப்பிகள், சிவப்புக் கால்சட்டைகள்.

"எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டுத் தூக்குனா படம் அழகா வரும்," என்றாள். "நம்ம முன்னோர் மாதிரி."

உஸ்திங் ஒரு கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இதை எங்க தாத்தா போட்டதில்லையே தாயி. எங்க தாத்தா கோமணத்தோட தூக்குனாரு. முன்னோர் மாதிரி வேணும்னா அதை வேணா கட்டிக் காட்டவா?"

ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து தொப்பியோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, ஒருத்தருக்குக் கஷ்டம்னா ஊரே கூடுறது, இதுதானே நம்மளோட அடையாளம்? கேமரா பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டு சொன்னேன்: "ஆமாம்மா. யாருக்காவது ஒரு கஷ்டம்னா போதும். இங்க ஒருத்தரும் வீட்டுல இருக்க மாட்டாங்க."

அவளுக்கு ரொம்பத் திருப்தி.

லூமிங் காலையிலிருந்து கஞ்சி தொடவில்லை. ஏணிப்படியை அவளே அவிழ்த்துத் தனியாக வைத்திருந்தாள். எங்கள் பக்கம் படி எண்ணும்போது பொன், வெள்ளி, சாவு, பொன், வெள்ளி, சாவு என்று எண்ணுவோம். சாவில் முடியக் கூடாது. காரியோ ஐந்து படி வைத்து வெள்ளியில் நிறுத்தியிருந்தான். நாலு வைத்துப் பொன்னில் நிறுத்தியிருந்தால் ஊர் அதையும் பேசியிருக்கும்.

தூண்களைச் சுற்றி மண்ணைப் பறித்தார்கள். உஸ்திங் கையைத் தூக்கினார்.

"வாய்ல சிகரெட்டு வச்சிருக்கிறவன் துப்பு! ஓலை வீடு! கால் பாத்து வை. ஒண்ணு... ரெண்டு..."

"மூணு!"

வீடு ஒரு பெருமூச்சு விட்டது. அப்படித்தான் கேட்டது எனக்கு. மூங்கில் தரை முழுவதும் முனகி, தூண்கள் ஆறும் சேற்றிலிருந்து பல் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கிளம்பின. வீட்டுக்கு அடியிலிருந்து நாற்பத்துமூன்று பேரின் கால்கள் மட்டும் தெரிந்தன. இருபது அடி தள்ளிப் போனதும் உஸ்திங் இறக்கச் சொன்னார்.

"ஏன் இறக்குறீங்க? அப்படியே மேட்டுக்குப் போயிரலாமே," என்றாள் நகராட்சிப் பெண்.

நாற்பத்துமூன்று பேரும் குழிகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

கபித்தான் தொண்டையைச் செருமினார். "யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரி எடுக்கட்டும். எல்லார் கண்ணுக்கு முன்னாலயும்."

லூமிங் பாவாடையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். முதலில் மேற்குப் பக்கக் குழி. தோள் வரை கையை விட்டுத் துழாவி, பச்சை பிடித்த ஒரு செப்புக் காசும் கறுத்த பதக்கமும் எடுத்தாள். இரண்டாவதிலும் அதே. மூன்று. நாலு. ஐந்தாவதில் காசு இரண்டாக ஒடிந்திருந்தது, அதற்குக்கூட ஒருவன் "பாத்தியா?" என்றான். எதைப் பார்த்தானோ.

ஏணிப்பக்கத்துக் குழிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நானும் மாதாவை வேண்டிக்கொண்டேன். கிரீடம் வரவேண்டுமென்றா, வரக்கூடாதென்றா என்று இன்றைக்குக் கேட்டால் நேர்மையாகச் சொல்ல வராது. முப்பத்தோரு வருடமாக ஒன்றைச் சொல்லிவந்தவளுக்கு அது பொய்யாகிவிட்டால் ஒரு மாதிரிதானே இருக்கும்.

கையை விட்டாள். ரொம்ப நேரம் துழாவினாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு மாதா பதக்கம் மட்டும் இருந்தது.

"அவ்வளவுதான்," என்றாள்.

"நல்லாப் பாரு," என்றான் ஒருவன்.

"நீயே பாரு."

உஸ்திங் கடப்பாரையை விட்டு ஓங்கிக் குத்தினார். ணங்கென்றது. "களிமண்ணு. பாறை மாதிரி இறுகிக் கெடக்கு. தூண் நட்ட நாள்லேர்ந்து இதுக்குக் கீழ ஒருத்தன் கையும் போகல. எழுதி வச்சுக்கங்க. இங்க கிரீடமும் இல்ல, ஒரு மசுரும் இல்ல."

லூமிங் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சிரிக்கிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. "இல்ல மனுஷா," என்றாள் குழியைப் பார்த்து. "நீ இல்ல."

ஊருக்கு அது போதவில்லை. கூட்டத்தில் ஒரு குரல்: "சரி, காசு எங்க? மத்ததுல எல்லாம் காசு இருக்கு."

"அதானே. யாரோ முன்னாலயே எடுத்திருக்காங்க."

"கிரீடத்தோட காசையும் எடுத்தவன் பதக்கத்தை ஏன் விட்டுட்டுப் போறான்?"

"மாதாவுக்குப் பயந்துதான்."

"கிரீடத்தைத் திருடுறவனுக்கு மாதாவுக்குப் பயமா? போடா."

லூமிங் மெதுவாக எழுந்தாள். முகம் மாறியிருந்தது. "காசு இருந்திருக்கணும்," என்றாள். "அது எங்க மாமியாரோடது. வெள்ளி பெசோ. பெத்த மூணு பிள்ளைக்கும் பிள்ளைக்கு ஒண்ணா விளிம்புல அரத்தால கோடு போட்டு வச்சிருந்தா. முதல் தூணுக்கு அதைத்தான் போடணும்னு சாகும்போது சொல்லிட்டுப் போனா. அவரு காலையில என் கையில காட்டிட்டுத்தான் இடுப்புல முடிஞ்சாரு."

என் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலைத் தேய்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"நான் சொல்றேன் கேளு," என்றார் உஸ்திங், நெற்றியைச் சுருக்கி. "அந்தத் தூணை நான் கட்டிப் புடிச்சிருந்தேன். காரியோ மேல ஏணியில. நீ உலைக்கு ஓடிட்ட. அவன் மேலேர்ந்து காசைக் கீழ தூக்கிப் போட்டான், 'குழியில விடு பாரே'ன்னு. புடிச்சது..."

நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். அவரோடு நாற்பத்துமூன்று தொப்பியும் திரும்பின.

"புடிச்சது போன்சோ."

வாய் என் வாய்தானே, சும்மா இருக்குமா? "செத்தவங்களப் பத்திக் கண்டபடி பேசக் கூடாது," என்றேன். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

செத்த காரியோவைப் பற்றி அதே இடத்தில் நின்று எத்தனை முறை பேசியிருக்கிறேன் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"கஞ்சி அடிப்புடிக்குது," என்று சொல்லிவிட்டு வாழைத்தோட்டத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். தையல் டப்பாவைத் திறந்து, கரிபிடித்த துணி முடிச்சை அவிழ்க்காமலே தடவினேன். மூன்று. எத்தனை ஆயிரம் தடவை தடவியிருப்பேன், எதற்காக மூன்று என்று ஒருநாள் கேட்டேனா?

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. குழி ஆழமாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பார்க்கவில்லை. நான் சோறு கொண்டுபோனபோது தூண் நட்டு மண் போட்டாகிவிட்டது. கிரீடம் போன அன்று சாயங்காலம், கருவாடும் சோறும் தின்றுகொண்டே போன்சோதான் சொன்னார்: "காரியோ முதல் குழிய எவ்வளவு ஆழமாத் தோண்டுனான் பாத்தியா? எதுக்கு அவ்வளவு ஆழம்?" மறுநாள் காலையில் நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னால் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாதா?

மேட்டுக்கு வீடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு தடவை இறக்கி வைத்தார்கள், ஒரு தடவை நாய் குறுக்கே வந்தது. லூமிங் ஒரு கையில் அரிசிக் கிண்ணமும் ஒரு கையில் உப்பும் ஏந்தி முன்னால் நடந்தாள். புது இடத்துக்குள் அவைதான் முதலில் போகவேண்டும். கோயிலின் பின்சுவர் நிழலில் ஆறு புதுக் குழி. எடுத்த காசுகளையும் பதக்கங்களையும் கழுவி அவளே ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒடிந்த காசின் இரண்டு துண்டையும் சேர்த்தே போட்டாள். கிழக்குக் குழியில் பதக்கத்தைப் போட்டுவிட்டு வெறும் கையோடு நின்றாள்.

நகராட்சிப் பெண் கைப்பையைத் திறந்து பளபளக்கிற பத்து பெசோ ஒன்றை நீட்டினாள். "நான் தரேன் அம்மா. படத்துக்கும் நல்லா இருக்கும்."

"இரு," என்றேன்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவ்வளவு அகலமாக எனக்கு எப்போதும் வழிவிட்டதில்லை. குனிந்து, கரித்துணி முடிச்சோடு குழியில் விட்டேன். தொப்பென்று விழுந்தது, சில்லறைக் காசு அப்படி விழாது.

"என்னது அது?" என்றான் எவனோ.

"என் பங்கு. ஞானத்தாய் போடக் கூடாதா?"

லூமிங் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டாள், நேராக வைக்கிற மாதிரி. வெளியே எடுக்கவில்லை. அவள் தோள் அசையவில்லை. ஆனால் முழங்கைக்குக் கீழே நரம்பு மெல்ல மெல்ல நகர்வதை நான் பார்த்தேன். கட்டைவிரல் சுற்றி வருகிறது. ஒரு இடத்தில் நின்றது. இன்னொரு இடத்தில். இன்னொரு இடத்தில்.

கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். கரி அப்பியிருந்தது.

"மண்ணைப் போடுங்க, பெரியவரே," என்றாள்.

புயல் அடுத்த வியாழக்கிழமை வந்தது. மேட்டில் ஓலை நாலு பறந்ததோடு சரி. ஆனால் கீழே, லூமிங் வீடு நின்ற இடத்தையும் வாழைத்தோட்டத்தில் பாதியையும் ஆறு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எட்டு நாள் கழித்து ஒரு காலையில் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். பாயை விரித்தேன். குப்புறப் படுத்தாள்.

துணியில் ஐந்து பெசோக் காசு ஒன்றை முடிந்து முதுகில் வைத்தேன். ஆடியது. பிடித்துக்கொண்டு கொளுத்தினேன்.

"புதுக் காசா?"

"ஆமா மாரே."

"லேசா இருக்கு."

"இப்பல்லாம் காசு அப்படித்தான் அடிக்கிறான்."

தம்ளர் கவ்வியது. சதை எழும்பியது; போன தடவை அளவுக்குக் கறுப்பு இல்லை, வெறும் சிவப்பு.

"காரியோ முதுகுல அதைத்தான வச்ச?" என்றாள் பாயைப் பார்த்தபடி. "கடைசி மழைக்கு."

"எனக்குத் தெரியாது லூமிங். மாதா மேல சத்தியமா, எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

அதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியே வாழை இலையில் தூறல் விழ ஆரம்பித்தது.

"போன்சோ சேவல் ஏழு கட்டு ஜெயிச்சுதே," என்றாள். "எந்த ஊர்க் கட்டுல?"

"நான் கேட்டதில்ல."

"ம். உன் வீட்டுக்கு எத்தனை தூணு மாரே?"

"எட்டு."

"எல்லாம் கான்கிரீட்டு."

"கான்கிரீட்டு."

"நல்லது. யாராலயும் தூக்க முடியாது."

தம்ளரை எடுத்தேன். உள்ளே அடைத்திருந்த காற்று 'பக்'கென்று வந்தது. அவள் எழுந்து ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, சுவரோரத் தூணில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் விடிந்ததும் நான் பின்பக்கம் இறங்கி, மூலைத் தூணிலிருந்து கரை வரை அடி வைத்து அளக்கிறேன். நேற்று முப்பத்தெட்டு. இன்று முப்பத்தைந்து. ஊரில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார்கள். வழியில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். வீட்டை உடைக்க, சாமானை எடுக்க, தூணைப் பெயர்க்க, எதற்கானாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே வருகிறோம் என்கிறார்கள். உஸ்திங் கிழவர் கடப்பாரையைத் தீட்டி வைத்திருக்கிறாராம். நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன், எத்தனை பேர் வருவார்கள் என்று.

நாற்பத்துமூன்றுக்குக் குறையாதாம்.